வெந்நீரூற்றும் விடுதியும்: அந்நீர் யாருக்கு உரியது?

யோங் பெங் வழிப்போக்கர் இளைப்பாறிச் செல்லும் ஊராகப் பெயர்பெற்றது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பேருந்துகள் இங்கு நின்று, பயணிகள் பசியாறிய பின்னரே புறப்பட்டன. ஆகவே வழியில் தங்கும் இடம் என்றால் என்ன என்பதை இவ்வூரார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வேறொரு வகை விடுதி: ஜப்பானின் வெந்நீரூற்று விடுதி. தனிக்குளியல் வசதியுள்ள அத்தகைய விடுதியில் ஓரிரவு தங்கிவர வேண்டும் என்னும் விருப்பம் இப்போது நம் மாணவரிடையேயும் காணப்படுகிறது. நல்ல விருப்பமே. எனினும், இந்நீராடலின் வரலாற்றில் ஓர் இழை நம் தோட்டப்புறங்கள் வரை நீண்டுள்ளது. அதனை அறிந்து செல்வது நன்று.

ஜப்பானியர் வெந்நீரூற்றை 'ஒன்சென்' என்றும், மரபுவழி விடுதியை 'ரியோக்கான்' என்றும் வழங்குவர். வாயிலில் காலணியைக் கழற்றி, பாய் பரப்பிய அறையில் அமர்ந்து, 'யுகாத்தா' என்னும் பருத்தி அங்கியை உடுத்துவது வழக்கம். குளியலுக்கு ஒரு முறை உண்டு. சிறு முக்காலியில் அமர்ந்து உடலை நன்கு தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி அழுக்குப் போக்கும் இடமன்று. அந்நீர் அடுத்து வருபவர்க்கும் உரியது. யமனாஷி மாநிலத்தில் நிஷியாமா ஊற்றருகே உள்ள கெயுன்கான் விடுதி கி.பி. 705-இல் தொடங்கியதாக மரபு கூறுகிறது. 1948-ஆம் ஆண்டின் ஒன்சென் சட்டப்படி, நிலத்திலிருந்து வெளிப்படும் நீர் 25 பாகை வெப்பமேனும் கொண்டிருக்க வேண்டும். அன்றேல் சட்டம் குறிக்கும் கனிமங்களுள் ஒன்றையேனும் உரிய அளவில் பெற்றிருக்க வேண்டும். நம் நாட்டுக் குழாய்நீரே நண்பகலில் இவ்வெப்பத்தைத் தாண்டிவிடும் என்று ஒருவர் நகைக்கக்கூடும்.

இன்று விளம்பரங்களில் முதலிடம் பெறும் தனிக்குளியல், அந்நாட்டிலும் எல்லார்க்கும் தொன்றுதொட்டு வாய்த்ததன்று. பல ஊற்றூர்களில் விடுதி உறங்குவதற்கும் உண்பதற்குமே பயன்பட்டது. குளிக்க விருந்தினர் தெருவில் நடந்து பொதுக் குளியல்மனைக்குச் சென்றனர். நீர் ஊருக்குப் பொது. தோகோ ஊற்றில் 1894-இல் எழுந்த புகழ்பெற்ற குளியல் மாளிகையில், 1899-இல் பேரரசக் குடும்பத்திற்கென்றே ஒரு தனிப்பகுதி கட்டப்பட்டது. தனிக்குளியல் அன்று அத்துணை உயர்ந்தோர்க்கு உரிய சிறப்பு.

கினோசாக்கி என்னும் ஊரில் நிகழ்ந்த வழக்கு இதைவிடத் தெளிவாகப் பேசுகிறது. 1925-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் அவ்வூர் அழிந்தது. மீண்டும் கட்டியெழுப்புங்கால், ஒரு விடுதியார் தம் மனைக்குள்ளேயே ஊற்றுநீர்க் குளியல் அமைக்க முற்பட்டனர். ஊரார் எதிர்த்தனர். ஊற்று ஊர்ப்பொது, அதைத் தன் சுவருக்குள் அடைக்க எவர்க்கும் உரிமையில்லை என்பது அவர்தம் வாதம். 1927-இல் மூண்ட பூசல் நீதிமன்றம் ஏறி, இடையே ஒரு பெரும்போரும் கடந்து, 1950-இல்தான் இணக்கத்தில் முடிந்தது. விடுதிகளில் உட்குளியல் இருக்கலாம், ஆனால் அது சிறிதாகவே இருக்க வேண்டும் என்பது அவ்விணக்கம். இன்றும் அங்குத் தங்குவோர் யுகாத்தா உடுத்து, மரச்செருப்பு ஒலிக்க, ஏழு பொதுக்குளியல் மனைகளுக்கும் மாறிமாறி நடக்கின்றனர். நம்மவர் கிணற்றுரிமைக்கும் கால்வாய் முறைக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்காடியதை அறிந்தவர்க்கு இவ்வூரார் அயலாராகத் தோன்றார்.

இனி நம் பக்கம் திரும்புவோம். மலாய் மொழியில் 'ஆயர் பானாஸ்' என்பது வெந்நீரையே குறிக்கும். அப்பெயரில் தீபகற்பத்தில் ஊர்கள் பல. மலாக்காவின் உட்பகுதியிலிருந்த ஆயர் பானாஸில் ஆங்கில அரசின் தங்கல் மனை ஒன்று இருந்தது. இயற்கையறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854-இல் காய்ச்சலிலிருந்து தேறிய பின் அங்குத் தங்கினார். மனை வசதியாக இருந்ததையும், தம் சேகரிப்பை உலர்த்த இடம் போதியதாக இருந்ததையும் தம் நூலில் குறித்துள்ளார். அங்கு அவர் கண்ட அரிய பட்டாம்பூச்சி ஒன்று, ஊனுண்ணி விலங்கு ஒன்றன் சாணத்தில் அமர்ந்திருந்து தப்பியது. மறுநாள் அதே சாணத்தின் மேல் மீண்டும் வந்தமர்ந்து வலையில் வீழ்ந்தது. பட்டாம்பூச்சிக்கு இத்துணை இடமளித்த வாலஸ், ஊற்றில் குளித்த இன்பத்தை விரித்துரைக்கவில்லை.

ஜப்பானியர் ஜொகூருக்குப் படையோடுதான் முதலில் வந்தனர் என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அஃது அன்று. யோங் பெங்கிற்கு அருகிலுள்ள ஸ்ரீ மேடானில் 1921-இலேயே இஷிஹாரா நிறுவனம் இரும்புக் கனிமம் தோண்டத் தொடங்கியது. அது கப்பலேறி ஜப்பானின் உருக்காலைக்குச் சென்றது. 1942 சனவரியில் மூவாரிலிருந்து பின்வாங்கிய ஆஸ்திரேலிய, இந்தியப் படையினருள் எஞ்சியோர் யோங் பெங்கை நோக்கி வந்தனர். பாரிட் சூலோங்கில் கைவிடப்பட்ட காயமுற்றோர் கொல்லப்பட்டனர். சீனர் இவ்வூர்ப் பெயரை 'நிலைத்த அமைதி' என்று பொருள்படும் எழுத்துகளால் எழுதுகின்றனர். அவ்வாண்டில் அப்பெயர் பொருந்தவில்லை.

படை சென்ற இடமெல்லாம் குளியல் வழக்கமும் உடன் சென்றது. சிங்கப்பூரின் செம்பாவாங் ஊற்று, போருக்குமுன் பிரேசர் அண்டு நீவ் நிறுவனத்தார் புட்டியில் அடைத்து விற்ற நீரின் தாயகம். ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கு ஜப்பானியர் குளியல் தொட்டிகள் கட்டினர். சயாமில், காஞ்சனபுரிக்கு அப்பால், குவாய் நொய் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஹின்டாட் என்னும் இடத்திலும் ஒரு வெந்நீரூற்று உண்டு. அங்கும் ஜப்பானியப் படைவீரர் தமக்கெனக் குளங்கள் கட்டினர். ஹின்டாட், சயாம் மரண ரயிலின் தடத்தில் அமைந்த இடம்.

ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் இருமுனைகளும் 1943 அக்டோபரில் இணைந்தன. மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பர். அவருள் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து சென்றோரும் உளர். நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, சில மாத வேலை என்ற உறுதிமொழியில் சிலர் ஏறினர், பலர் பிடித்தேற்றப்பட்டனர். 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம்தோறும் பரவியது. அந்நோய்க்கு எதிரான முதற் காப்பு மிக எளியது: நீரைக் கொதிக்கவைத்துப் பருகுதல். போர்க்கைதிகளிடையே மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தனர். கட்டுப்பாட்டுடன் நீரைக் காய்ச்சச் செய்து அவர்கள் பல உயிர்களைக் காத்தனர். தமிழர் முகாம்கள் பலவற்றில் அவ்வாறு ஆணையிட்டு நடத்துவாரும் இல்லை, மருத்துவரும் இல்லை, போதிய பாத்திரமும் இல்லை. ஆற்றுநீரையே பருகினர்.

படைவீரன் களைப்பாற வெந்நீரில் அமர்ந்திருக்க, அதே பள்ளத்தாக்கில் ஒரு குவளைக் கொதித்த நீர் இன்றி மனிதர் மாண்டனர். ஜப்பானியக் குளியல் மரபின் மேல் இக்குற்றத்தை ஏற்றுவது முறையன்று என்பது நம் கருத்து. கினோசாக்கி ஊரார் பொதுநீருக்காகப் போராடியதும் அதே மரபுதான். அடுத்து வருபவர்க்கு நீரைத் தூய்மையாக விட்டுச்செல்லக் கற்பித்த ஒழுக்கத்தை, 'அடுத்தவர்' யார் என்னும் கேள்வியில் படை கைவிட்டது.

தமிழர்க்கும் வெந்நீரூற்று அயன்மையானதன்று. திருகோணமலைக்கு அண்மையில் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. அவற்றில் இறங்கி மூழ்குவதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வர். இறந்தோர்க்குரிய கடன்களை அங்குச் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. தன் தாய்க்கு ஈமக்கடன் ஆற்ற இராவணன் தோற்றுவித்த ஊற்றுகள் அவை என்பது கதை. ஹின்டாட்டிலோ அதனை அடுத்த முகாம்களிலோ மாண்ட தமிழர்க்குக் கடன் செய்வாரில்லை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் நேசநாட்டுக் கைதிகளின் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவர்க்கு அத்தகைய பெயர்க்கல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய புதினங்களே பலர்க்கு அந்நினைவைக் கொண்டு சேர்த்தன. ஆசிரியர்கள் இவ்விரண்டையும் வகுப்பில் வரலாற்றுப் பாடத்தோடு இணைத்துப் படிப்பிக்கலாம். சயாமுக்குச் சென்றவர் ஒருவரேனும் இருந்த குடும்பங்கள் இவ்வட்டாரத்திலும் இருக்கக்கூடும்; மாணவர் தம் பாட்டிமாரிடம் பெயர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகிய மூன்றையும் கேட்டு எழுதிவைக்கலாம்.

போருக்குப் பின் நாம் தோக் நிலையத்திற்கு அப்பாலுள்ள தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. தடத்தின் பெரும்பகுதியைக் காடு மூடியது. ஹின்டாட்டின் குளங்கள், குளிர்ந்த ஓடை ஒன்றன் கரையில், இன்றும் உள்ளன. சிறு கட்டணம் செலுத்தி இப்போது எவரும் அவற்றில் இறங்கலாம்.