வாளோடு வந்தவர்களும் ஏரோடு வந்தவர்களும்

ஒரு சமுதாயத்தைப் பெரிதும் மாற்றுவது படையெடுப்பா, குடியேற்றமா என்பது இன்றைய அரங்கின் கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர் படையெடுப்பே என்று அடித்துச் சொன்னார். நான் உங்களை இத்தாலியின் காலடியில் கிடக்கும் சிசிலித் தீவுக்கு அழைத்துப் போகிறேன். இடைக்காலத்தில் அத்தீவு இரண்டு முறை கைமாறியது. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதல் முறை 827ஆம் ஆண்டு. இன்றைய துனீசியாவிலிருந்து புறப்பட்ட அரபியரும் பெர்பர்களும் மசாரா கடற்கரையில் இறங்கினார்கள். அப்போது சிசிலி, கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த கிரேக்கப் பேரரசின் உடைமை. 831இல் பலெர்மோ வீழ்ந்தது. 902இல் தவோர்மினா வீழ்ந்தது. படைக்குப் பின்னால் குடியானவர்களும் வந்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். எலுமிச்சையும் கரும்பும் பருத்தியும் அவர்கள் கைவண்ணத்தில் செழித்தன. நீர்த்தொட்டியைச் சிசிலி விவசாயி இன்றும் 'ஜெப்பியா' என்பான். அரபியில் அது ஜாபியா. வாய்க்காலை 'சாயா' என்பான்; அரபியில் சாக்கியா. தீவின் மேற்குப் பகுதி அரபு பேசும் முஸ்லிம் நாடாகவே ஆகிவிட்டது. வடகிழக்கு மலைகளில் மட்டும் கிரேக்கக் கிறிஸ்துவர்கள் நிலைத்திருந்தார்கள்.

இரண்டாவது முறை 1061. பிரான்சின் வடக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நார்மன் வீரர்கள், ராபர்ட் கிஸ்கார், அவர் தம்பி ரோஜர் ஆகியோரின் தலைமையில் மெசினாவைப் பிடித்தார்கள். 1072 ஜனவரியில் பலெர்மோ சரணடைந்தது. 1091இல் கடைசி ஊரும் பணிந்தது. இவர்களின் குதிரைவீரர்கள் சில நூறு பேர்தான். அத்தனை பேர் வாழ்ந்த தீவை இவர்களால் என்ன மாற்றிவிட முடியும்? உழுவதற்கும் வரி கட்டுவதற்கும் ஆள் வேண்டுமே! ஆகவே முஸ்லிம்கள் தங்கள் மதத்தோடும் தங்கள் நீதிபதிகளோடும் வாழலாம், ஜிஸ்யா வரி மட்டும் கட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். முன்பு முஸ்லிம் ஆட்சியாளர்கள் கிறிஸ்துவர்களிடம் வாங்கிய அதே வரி, அதே பெயரில்! கட்டுகிற ஆள்தான் மாறினார்.

1130 கிறிஸ்துமஸ் நாளில் முடிசூடிய இரண்டாம் ரோஜர் இன்னும் ஒரு படி மேலே போனார். எகிப்தின் அரசாங்க முறையைப் பின்பற்றி, அரபு எழுத்தர்களைக் கொண்டு நிர்வாகம் நடத்தினார். அவருக்காக நெய்த அரச அங்கியின் ஓரத்தில் அரபு வாசகமும் ஹிஜ்ரி ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் கேட்டுக்கொண்டபடி அல் இத்ரீசி எழுதிய உலகப் புவியியல் நூல் 1154இல் முடிந்தது. அவருடைய வரி அலுவலகத்தின் பெயர் திவான். அச்சொல்தான் இத்தாலியில் சுங்கத்துறையைக் குறிக்கும் 'தொகானா' ஆயிற்று. நம் டேவான் ராக்யாட்டில் இருப்பதும் அதே சொல்தான்!

1148இல் பலெர்மோவில் அன்னா என்ற மூதாட்டி காலமானார். பாதிரியாரான அவருடைய மகன் கல்வெட்டு ஒன்று வைத்தார். அதில் லத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றிலும் அவரவர் ஆண்டுக் கணக்கு. நான்கு மொழி அறிவிப்புப் பலகைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்தக் கல் அந்நியமாகத் தோன்றாது.

அப்படியானால் எங்கே முறிந்தது?

முதலாம் ரோஜரின் மனைவி அடிலெய்டு வட இத்தாலியர். அவர் காலம் முதல் வட இத்தாலியக் குடியானவர்கள் தீவின் கிழக்கிலும் நடுவிலும் கூட்டம் கூட்டமாகக் குடியேறினார்கள். அரசருக்கு முஸ்லிம் உழவனின் வரி தேவைப்பட்டது. புதிதாக வந்தவனுக்கோ அந்த உழவனின் நிலமே தேவைப்பட்டது. அன்பர்களே, வேறுபாடு இதில்தான் இருக்கிறது. 1161இல் அரசருக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது, இந்தக் குடியேறிகள் பக்கத்து ஊர் முஸ்லிம்களை வெட்டிச் சாய்த்தார்கள். தப்பியவர்கள் மேற்கே ஓடினார்கள். அரசர் கலகத்தை அடக்கினார், ஓடியவர்கள் திரும்பவில்லை.

1184 டிசம்பரில், ஸ்பெயினைச் சேர்ந்த யாத்திரிகர் இப்னு ஜுபைரின் கப்பல் மெசினா அருகே உடைந்தது. அப்போது ஆண்ட இரண்டாம் வில்லியம் அரபு படிக்கத் தெரிந்தவர் என்றும், பலெர்மோவின் கிறிஸ்துவப் பெண்கள் பண்டிகை நாளில் முஸ்லிம் பெண்களைப் போலவே உடுத்தினார்கள் என்றும் அவர் வியந்து எழுதியிருக்கிறார். அதே பயணக் குறிப்பில் இன்னொன்றும் உண்டு. திராபானி நகரில் மதிப்புமிக்க முஸ்லிம் ஒருவர், தம் மகளை மணந்து எப்படியாவது தீவைவிட்டு அழைத்துப் போகும்படி உடன் வந்த யாத்திரிகர் ஒருவரை வேண்டிக்கொண்டாராம். பெற்ற மகளை முன்பின் தெரியாதவரோடு கடல் கடந்து அனுப்பத் துணிந்தார் என்றால், அந்தத் தந்தை எதைக் கண்டு அஞ்சியிருப்பார்? அரண்மனையின் பளிங்குச் சுவர்களைவிட அந்த வீட்டு முற்றத்தில்தான் எனக்குச் சிசிலி தெரிகிறது.

1189இல் வில்லியம் வாரிசின்றி இறந்தார். பலெர்மோவில் மீண்டும் படுகொலை. முஸ்லிம்கள் மலைகளில் ஏறிப் போராடினார்கள். கடைசியில் அவர்களை வேரோடு பெயர்த்தவர், இரண்டாம் ரோஜரின் சொந்தப் பேரன், அரபு அறிஞர்களைப் போற்றிய இரண்டாம் பிரெடரிக்! 1220களில் தொடங்கி ஆயிரக்கணக்கானோரைத் தென் இத்தாலியின் லூசேரா நகருக்கு நாடு கடத்தினார். 1300இல் அந்த நகரையும் இன்னொரு அரசர் கலைத்தார். மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள்.

சிசிலியில் அரபு மொழி பேச்சிலிருந்து மறைந்தது. பியாட்சா அர்மெரினா போன்ற ஊர்களில் அந்த வட இத்தாலியக் குடியேறிகளின் வட்டார வழக்கு இன்றும் காதில் விழுகிறது. நார்மன்கள் பேசிய பிரெஞ்சைப் பேச அங்கே ஒருவரும் இல்லை.

பக்கத்திலிருக்கும் மால்டா தீவையும் இதே ரோஜர் 1091இல் பணியவைத்தார். அங்கேயும் மக்கள் காலப்போக்கில் கத்தோலிக்கர் ஆனார்கள். ஆனால் சிசிலி அரபியிலிருந்து பிறந்த மொழியைத்தான் இன்றும் பேசுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'ரந்தான்'. ரமலான்தான் அது.