திரை பேசத் தொடங்கிய கதை: டாஸ் முதல் என்.வி.டி.ஏ. வரை



இயங்குதளம் (ஆபரேட்டிங் சிஸ்டம்) என்றால் என்ன என்பது எங்கள் பி.காம். கணினிப் பாடத்தில் நிரந்தர இரண்டு மதிப்பெண் கேள்வி. "வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையே பாலமாக இருக்கும் மென்பொருள்" என்று எழுதிவிட்டால் இரண்டு மதிப்பெண் உறுதி. எழுதியாயிற்று, மறந்தாயிற்று :-) ஆனால் அந்தப் பாலத்தில் யாரெல்லாம் நடக்க முடிந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு அந்த விடையின் அர்த்தமே புரிந்தது. கண் பார்வை இல்லாதவர்கள் கணினியைப் பயன்படுத்திய வரலாறு, இயங்குதளங்களின் வரலாறும் கூட.

1981-இல் ஐ.பி.எம். தனது பி.சி.யை வெளியிட்டது. அதில் ஓடிய டாஸ் இயங்குதளத்தில் படங்கள் கிடையாது, சுட்டி (மவுஸ்) தேவையில்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும்; பதில் எழுத்தாக வரும். டி.ஐ.ஆர். என்று தட்டினால் கோப்புகளின் பட்டியல். பார்க்க வறட்சியாக இருக்கும். ஆனால் பார்வையற்றவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். காரணம் இதுதான்: திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள், மொத்தம் 2000 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் என்ன எழுத்து இருக்கிறது என்பது நினைவகத்தின் ஒரு குறிப்பிட்ட பகுதியில் எழுத்தாகவே பதிந்திருக்கும். எழுத்துக்கு ஒரு பைட், நிறத்துக்கு ஒரு பைட், ஆக மொத்தம் 4000 பைட். பின்னணியில் தங்கியிருக்கும் ஒரு சின்ன நிரல் அந்தப் பகுதியைப் படித்து, பேசும் கருவிக்கு அனுப்பிவிட்டால் போதும். திரையில் இருப்பது காதில் விழும்.

ஐ.பி.எம். ஆய்வுப் பிரிவில் இருந்த ஜிம் தாட்சர் என்ற கணிதவியலாளர் செய்தது இதைத்தான். அவருக்கு வழிகாட்டியாகவும் சக ஊழியராகவும் இருந்த ஜெஸ்ஸி ரைட் பார்வையற்றவர். அவரோடு சேர்ந்து 1984 வாக்கில் தொடங்கிய வேலை, 1986-இல் 'ஸ்கிரீன் ரீடர்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஒரு பொருளின் பெயர் பிறகு அந்த வகை மென்பொருள் அத்தனைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. (ஜெராக்ஸ் என்று நாம் சொல்வதைப் போல!) தமிழில் இன்று திரைவாசிப்பான் என்கிறோம்.

1978-இல் ஒரு கார் விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் அதற்கு முன் மோட்டார் சைக்கிள் பந்தய வீரர். பொறியியல் படித்திருந்த அவர் கணினி நிரலாக்கத்துக்கு வந்தார். பில் ஜாய்ஸ் என்பவரோடு கூட்டு சேர்ந்து ஃபுளோரிடாவில் ஹென்டர்-ஜாய்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1989-இல் டாஸுக்கான 'ஜாஸ்' வந்தது. இன்றும் உலகம் முழுக்கப் புழங்கும் திரைவாசிப்பான் அது.

இது வரைக்கும் எல்லாம் சுகம். அடுத்து வந்ததுதான் வினை.

1973-இல் ஜெராக்ஸின் ஆய்வகத்தில் பிறந்த ஆல்ட்டோ கணினியில் சாளரங்களும் சுட்டியும் இருந்தன. அந்த எண்ணத்தை 1984 ஜனவரியில் ஆப்பிளின் மெக்கின்டாஷ் கடைக்குக் கொண்டுவந்தது. உலகமே கொண்டாடியது. அந்த முதல் மெக்கின்டாஷின் விசைப்பலகையில் அம்புக்குறி விசைகளே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியுமா? சுட்டியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். சுட்டிமுனை எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாதவர் என்ன செய்வார்? அந்தக் கேள்வி அங்கே யாருக்கும் எழவில்லை போலும்.

விசை மட்டும் பிரச்சினை இல்லை. வரைகலைத் திரையில் 'அ' என்ற எழுத்து எழுத்தாக இருக்காது. புள்ளிகளாக மாறியிருக்கும். நினைவகத்தைப் போய்ப் படித்தால் கிடைப்பது வெறும் புள்ளிக் குவியல். 1990-இல் விண்டோஸ் 3.0 வந்து அலுவலகங்கள் ஒவ்வொன்றாக டாஸைக் கைவிட்டபோது, டாஸை நம்பி வேலையில் இருந்த பார்வையற்றவர்களுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஒருவருடைய திறமை அப்படியே இருக்க, மேசை மேல் இருக்கும் மென்பொருள் மாறியதால் மட்டும் வேலை போகும் என்றால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

தீர்வு கொஞ்சம் விசித்திரமானது. இயங்குதளம் திரையில் ஓர் எழுத்தை வரைய உத்தரவிடும்போதே அந்த உத்தரவை வழிமறித்து, எந்த எழுத்து, எந்த இடம் என்று தனியாக ஒரு கணக்குப் புத்தகத்தில் குறித்துக்கொள்வது. (எங்கள் பாஷையில் சொன்னால் திரைக்கு ஒரு லெட்ஜர்.) கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டாவது திரைக்கு ஆஃப்-ஸ்கிரீன் மாடல் என்று பெயர். 1989-இல் பெர்க்லி சிஸ்டம்ஸ் மெக்கின்டாஷுக்குக் கொண்டுவந்த அவுட்ஸ்போக்கன் இந்த வழியில்தான் போனது. விண்டோஸுக்கான ஜாஸ் 1995 ஜனவரியில் வந்தது. பொத்தான்களில் எழுத்துக்குப் பதில் படம் இருந்தால் மட்டும் மாட்டிக்கொள்ளும். ஏதோ ஒரு எண்ணைச் சொல்லும், பயனர்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

அதே 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தது. பழைய தந்திரங்களில் பல வேலை செய்யவில்லை. பார்வையற்ற ஊழியர்களுக்குப் பயன்படாத மென்பொருளை வாங்குவதை நிறுத்த நேரிடும் என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில அரசு எச்சரித்தது. வாங்குகிறவர் பெரிய வாடிக்கையாளர் என்றால் விற்கிறவருக்குக் காது நன்றாகக் கேட்கும், இல்லையா? 1997-இல் மைக்ரோசாஃப்ட் 'ஆக்டிவ் ஆக்ஸசபிலிட்டி' என்ற ஏற்பாட்டை வெளியிட்டது. இனி திரைவாசிப்பான் திருட்டுத்தனமாக ஒட்டுக்கேட்க வேண்டாம். "இது என்ன?" என்று நேராகக் கேட்கலாம். மென்பொருள் தன் பெயர், வகை, நிலை மூன்றையும் சொல்லும்: "சேமி, பொத்தான்", "ஆண், தேர்வு வட்டம், தேர்வு செய்யப்பட்டது". இன்றைய திரைவாசிப்பான்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். பொத்தானுக்குப் பெயர் கொடுக்க மறந்த நிரலாளர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

வணிகவியல் படிப்பவருக்கு உறுத்துவது விலைதான். 1984-இல் வந்த டெக்டாக் பேச்சுக் கருவி சுமார் 4000 டாலர். பிறகு வந்த ஜாஸ் ஏறத்தாழ 1000 டாலர். வாங்குபவர்கள் குறைவு, அதனால் ஒருவர் தலையில் விழும் செலவு அதிகம் என்று நிறுவனங்கள் சொல்வதில் கணக்குப்படி தவறில்லை. ஆனால் கணினியை விட அதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் விலை கூடுதல் என்றால் ஒரு மாணவர் எங்கே போவார்? ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் இதைத்தான் கேட்டார். 2006-இல் அவர் எழுதத் தொடங்கியதுதான் என்.வி.டி.ஏ. நண்பர் ஜேம்ஸ் தேவும் சேர்ந்துகொண்டார். இருவரும் சிறுவயதில் பார்வையற்ற குழந்தைகளுக்கான இசை முகாமில் சந்தித்தவர்கள். மென்பொருள் முற்றிலும் இலவசம், மூலநிரல் திறந்தது.

புனேயில் பிறந்து பதின்ம வயதில் பார்வை இழந்து, மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த டி. வி. ராமன் 1995-இல் லினக்ஸ் பக்கத்தில் ஈமேக்ஸ்பீக்கை உருவாக்கியதையும், ஆப்பிள் 2005-இல் வாய்ஸ்ஓவரை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துத் தந்ததையும் இன்னொரு பதிவில் விரிவாக எழுதுகிறேன். (நேரம் கிடைத்தால்!)

தமிழுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என்.வி.டி.ஏ.வுடன் வரும் இஸ்பீக் என்ற பேச்சுப்பொறி தமிழும் பேசும். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகத்தைக் கூட்டினாலும் தெளிவாக இருக்கும். விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் தரும் தமிழ்க் குரலின் பெயர் வள்ளுவர்!

இப்போதே சோதித்துப் பார்க்கலாம். விண்டோஸ் 10 அல்லது 11 வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். நரேட்டர் பேசத் தொடங்கும். சுட்டியைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையாலும் அம்புக்குறிகளாலும் மட்டும் ஒரு கோப்பைத் திறந்து சேமித்துப் பாருங்கள். அதே மூன்று விசைகளை மறுபடி அழுத்தினால் நின்றுவிடும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.