ஒரே பெயர், இரு மனிதர்



நம் திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டினால் ஒரே பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். தாத்தாவின் பெயரைச் சுமப்பவனைத்தானே நாம் பேரன் என்கிறோம்!

பண்டைய உரோமையின் பெருங்குடும்பங்களிலும் இதே வழக்கம். கி.மு. 202-இல் சாமா போரில் அனிபாலை வென்ற ஸ்கிப்பியோவுக்கு 'ஆப்பிரிக்கானுஸ்' என்று பட்டம். கி.மு. 146-இல் கார்த்தேஜ் நகரை அழித்தவரும் ஸ்கிப்பியோதான். முன்னவருடைய மகனின் சுவீகாரப் புதல்வர். பட்டமும் அதே. மூத்தவர், இளையவர் என்று சொல்லியே வரலாறு இருவரையும் பிரிக்கிறது.

நம் முத்துக்குளித்துறையின் வரலாற்றிலும் இரண்டு ஜோவான் தா குரூஸ் உண்டு. ஒருவர், கோழிக்கோடு சாமூதிரியின் ஆளாகப் போர்த்துக்கல் சென்று அங்கே கிறிஸ்தவரானவர், குதிரை வணிகர். கடலுரிமைக்காகத் தவித்த நம் முன்னோரிடம், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரின் உதவியை நாடும்படி சொன்னவர் இவரே. மற்றவர் பரதவர் தலைவர் விக்கிரம ஆதித்த பாண்டியன். திருமுழுக்குக்குப் பின் அவருக்கும் அதே பெயர். 1542-இல் புனித சவேரியார் இக்கரைக்கு வருமுன்னரே இங்கே ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றிருந்தனர்.

ஒருவர் வழி சொன்னார். மற்றவர் மக்களை அவ்வழியே அழைத்துச் சென்றார். இருவரையும் ஒருவராக்கிவிட்டால் ஒருவரின் உழைப்பு வரலாற்றிலிருந்தே மறைந்துபோகும்.

பின்வந்த சாதித்தலைவர்களின் பெயர்களிலும் 'குரூஸ்' தொடர்ந்தது. கபிரியேல் என்ற பெயரும் திரும்ப வந்தது. ஆனால் 1806-இல் பனிமய மாதாவுக்குப் பொன்தேர் செய்து தந்த கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸை நம் மக்கள் 'தேர் மாறன்' என்றே அழைத்தார்கள். பெயர் குடும்பம் தந்தது. அடையாளத்தை அவர் செயல் தந்தது.

திருத்தூதர்களிலும் இரு யூதாக்கள் இருந்தனர். ஆண்டவரிடம் கேள்வி கேட்ட யூதாவைக் குறிப்பிடும்போது, 'இவர் இஸ்காரியோத்து அல்லர்' என்று யோவான் நற்செய்தி கவனமாகச் சொல்கிறது. ஒருவருடைய பழி மற்றவர் மேல் விழக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது.

ஆகவே, பிள்ளைக்கு முன்னோரின் பெயரைச் சூட்டுவதோடு நிறுத்திவிடாமல், அந்த முன்னோர் யார், என்ன செய்தார், யாருக்கு உதவினார் என்பதையும் சொல்லிக் கொடுப்போம். தாத்தா பாட்டியர் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போம். பதிவேட்டில் பெயரும் தேதியும்தான் நிற்கும்; மற்றதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் நாம்தாம்.