ஐந்தாவது துறவி எங்கே போனார்?

இன்னைக்கு 1846ல் எடுத்த ஒரு போட்டோவைப் பத்திப் பேசலாம். மால்டா தீவில் வலெட்டா நகரம். ஒரு மொட்டைமாடியில் நாலு கப்புச்சின் துறவிகள் கூடி நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் வெறும் வெள்ளை வானம். பார்க்க அம்சமான படம். ஆனால் அன்று அந்த மாடியில் நின்றது நாலு பேர் இல்லை, ஐந்து பேர். ஐந்தாவது துறவி கூட்டத்தில் சேராமல் கொஞ்சம் தள்ளி, பின்னால், தனியாக நின்றிருந்தார். படமெடுத்தவருக்கு அது உறுத்தியிருக்கும் போல. நெகட்டிவில் அந்த ஆள் மேல் கறுப்பு மையைத் தடவிவிட்டார். பிரிண்ட் போட்டால் ஆளைக் காணோம்!

அப்படி மை தடவியவரும் ஒரு பாதிரியார்தான். பெயர் கால்வர்ட் ரிச்சர்ட் ஜோன்ஸ். 2012ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில், ஃபோட்டோஷாப் வருவதற்கு முன்னால் படங்களை எப்படியெல்லாம் மாற்றினார்கள் என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதில் இந்தத் துறவிகள் படமும் இருந்தது.

யார் இந்த ஜோன்ஸ்? 1802ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீயில் பிறந்தவர். வசதியான குடும்பம். எவ்வளவு வசதி என்றால், ஸ்வான்சீ நகரச் சந்தைக்கு இடம் கொடுத்ததே அவருடைய அப்பாதான். ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் படித்தார், ஆங்கிலிகன் திருச்சபையில் குருப்பட்டம் வாங்கினார், ஸ்வான்சீ பக்கத்தில் லகர் என்ற ஊரின் பங்குப் பாதிரியாராக இருந்தார். சம்பளத்தை நம்பிப் பிழைக்க வேண்டிய ஆள் இல்லை. வாட்டர்கலரில் படம் வரைவார், அதிலும் கப்பல் என்றால் உயிர். இந்த ஓவியர் விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ஜோன்ஸுக்கு ஒரு நண்பர் வாய்த்தார். கிட் டால்பட். கிட்டத்தட்ட அறுபது வருஷம் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த பெரிய நிலச்சுவான்தார். போர்ட் டால்பட் என்ற ஊருக்குப் பெயர் வந்ததே இவர் குடும்பத்தால்தான். இவருடைய கசின்தான் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். 1839ல் பாரிஸில் டாகெர் ஒரு முறையை அறிவித்த அதே சமயத்தில் இங்கிலாந்தில் தன்னுடைய முறையை அறிவித்தவர். கிட்டின் தங்கை கணவர் ஜான் டில்வின் லெவலினும் போட்டோ பைத்தியம். ஆக, லண்டனில் பல பேருக்குத் தெரியாத தொழில்நுட்பம் தெற்கு வேல்ஸில் ஒரு சொந்தக்கார வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. இந்த மாதிரி விஷயங்களில் திறமைக்கு முன்னால் தொடர்பு வந்து நிற்கும். இன்னைக்கு மட்டும் என்ன வாழுதாம்?

ஜோன்ஸ் முதலில் டாகெரோடைப் பக்கம்தான் போனார். 1841 மார்ச் 9ஆம் தேதி, கிட் டால்பட் புதிதாகக் கட்டிய மார்கம் மாளிகையைப் படமெடுத்தார். வேல்ஸில் எடுக்கப்பட்டு, தேதி தெரிந்த போட்டோக்களில் மிகப் பழையது அதுதான். டாகெரோடைப்பில் ஒரு சிக்கல் இருக்கு. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நேரடியாகப் படம் விழும். நெகட்டிவ் கிடையாது, அதனால் நகல் எடுக்க வழியில்லை.

டால்பட்டின் கலோடைப் வேறு மாதிரி. நல்ல எழுதும் காகிதத்தில் வெள்ளி நைட்ரேட், பொட்டாசியம் அயோடைடு பூசி வைத்துக்கொள்ள வேண்டும். படமெடுக்கப் போகும்போது காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்த கரைசலை அதன் மேல் தடவி, கேமராவில் வைத்து, நிமிஷக்கணக்கில் வெயிலைக் காட்ட வேண்டும். அப்புறம் கழுவி எடுத்தால் காகித நெகட்டிவ் ரெடி. அதை இன்னொரு காகிதத்தின் மேல் வைத்து வெயிலில் காயவிட்டால் பிரிண்ட். ஒரு நெகட்டிவ், எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும். சோர்ஸ் கோட் ஒன்று, பில்ட் நூறு மாதிரி.

இதில் வானம்தான் பெரிய தலைவலி. காகிதத்தில் பூச்சு சமமாக உட்காராது, வானம் திட்டுத் திட்டாக வரும். அதனால் நெகட்டிவில் வானம் வரும் இடத்தை மையால் நிரப்புவது அப்போது சாதாரணப் பழக்கம். நெகட்டிவில் கறுப்பு என்றால் பிரிண்டில் வெள்ளை, அவ்வளவுதான் லாஜிக். இவர் மட்டும் இல்லை, நம்ம மதுரையையும் தஞ்சாவூரையும் 1858ல் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், அதற்கு முன்னால் 1855ல் பர்மாவில் எடுத்த காகித நெகட்டிவ்களில் இல்லாத மேகத்தையே வரைந்து வைத்தவர். ஜோன்ஸ் ஏற்கெனவே கையில் இருந்த மைத்தூரிகையை இன்னும் இரண்டு அங்குலம் கீழே இழுத்தார். அங்கே ஒரு மனுஷன் நின்றிருந்தார், அதுதான் வித்தியாசம்.

அவர் மால்டாவுக்குப் போனதே ஒரு சோகமான பயணத்தில்தான். கிட் டால்பட்டின் மனைவி ஷார்லட்டுக்கு உடம்பு முடியவில்லை. வெப்பமான இடம் நல்லது என்று 1845 கடைசியில் குடும்பமாகக் கிளம்பினார்கள், ஜோன்ஸும் கூடப் போனார். 1846 மார்ச்சில் ஷார்லட் மால்டாவிலேயே இறந்துவிட்டார். அங்கே ஜார்ஜ் வில்சன் பிரிட்ஜஸ் என்ற இன்னொரு பாதிரியாருக்கும் ஜோன்ஸ் கலோடைப்பின் நுணுக்கங்களைச் சொல்லிக்கொடுத்தார். (இந்த பிரிட்ஜஸ் ஜமைக்காவில் இருந்தபோது அடிமை முறையை ஆதரித்து எழுதியவர். அது தனி எபிசோடுக்கான கதை.) அதன்பிறகு சிசிலி, நேப்பிள்ஸ், ரோம், ஃப்ளாரன்ஸ் என்று சுற்றினார்.

அந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவருடைய இரட்டைப் படங்கள். கொலோசியம் ஒரே படத்தில் அடங்கவில்லை. ஒன்று எடுத்துவிட்டு, கேமராவைக் கொஞ்சம் திருப்பி, ஓரம் ஒன்றின் மேல் ஒன்று படிகிற மாதிரி இன்னொன்று எடுத்தார். இரண்டு பிரிண்டையும் ஒட்டினால் முழுக் காட்சி. நம்ம போனில் பனோரமா எடுக்கும்போது சாஃப்ட்வேர் செய்வதை இவர் கண்ணாலேயும் கத்தரிக்கோலாலேயும் செய்திருக்கிறார்.

சரி, மால்டா மாடிக்கு வருவோம். ஜோன்ஸ் செய்தது பொய்யா? ஃபாக்ஸ் டால்பட் அப்போது 'இயற்கையின் பென்சில்' என்று ஒரு புத்தகத்தை 1844லிருந்து பகுதி பகுதியாக வெளியிட்டுக்கொண்டிருந்தார். இதில் இருக்கும் படங்கள் ஒளி மட்டுமே உண்டாக்கியவை, எந்த ஓவியனின் கையும் படவில்லை என்று அதில் அறிவிப்பு வேறு. கடைசிப் பகுதி வந்தது 1846ல். அதே 1846ல்தான் அவருடைய நண்பர் கையில் மைத்தூரிகை!

என்னைக் கேட்டால் ஜோன்ஸை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். அவர் முதலில் ஓவியர். வாட்டர்கலரில் அதே காட்சியை வரைந்திருந்தால் ஐந்தாவது ஆளை வரையாமலே விட்டிருப்பார், யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். போட்டோவுக்கு மட்டும் உண்மையாக இருக்கும் கடமை உண்டு என்று அந்த வருஷம் யாரும் முடிவு பண்ணியிருக்கவில்லை. ஆனால் இன்னொன்றும் சொல்லணும். டேட்டாபேஸில் ஒரு ரெக்கார்டை அழிக்காமல், மறைத்து மட்டும் வைப்பதை நாங்கள் சாஃப்ட் டெலீட் என்போம். இதுவும் அப்படித்தான். நெகட்டிவ் இருக்கும் வரைக்கும் மையும் இருக்கும், மைக்கு அடியில் அந்தத் துறவியும் இருப்பார். டாகெரோடைப்பாக இருந்திருந்தால் இந்த வேலையே நடந்திருக்காது.

இதைவிட வினோதம், ஜோன்ஸின் பெயருக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். நிக்கோலாஸ் ஹென்னமன் என்பவர் டால்பட்டுக்காக ரெடிங் நகரத்தில் பிரிண்ட் போடும் கூடம் நடத்தினார். ஜோன்ஸ் தன்னுடைய நெகட்டிவ்களை டால்பட்டுக்கு விற்றார், பிரிண்ட்கள் அங்கே போடப்பட்டன. படத்தில் எடுத்தவர் பெயர் இருக்காது. நெகட்டிவ்கள் டால்பட்டின் சேகரிப்போடு கலந்தன, அப்படியே பல படங்கள் டால்பட் எடுத்ததாகவே ரொம்ப காலம் நினைக்கப்பட்டன. ஜோன்ஸும் அதற்காகச் சண்டை போட்டதாகத் தெரியவில்லை. அப்பா இறந்தபின் சொத்து வந்தது, கொஞ்ச காலம் பிரஸ்ஸல்ஸ், பிறகு பாத் நகரம், 1877ல் அங்கேயே மரணம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆய்வாளர்கள் உட்கார்ந்து, எது டால்பட், எது ஜோன்ஸ் என்று பிரித்தார்கள். அதற்குக் கடிதங்கள் பெரிய உதவி. டால்பட் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 10,000 கடிதங்கள் இன்னைக்கு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஜோன்ஸ் எழுதினதும் அதுல இருக்கு, நேரம் இருந்தா தேடிப் படிங்க.