எழுவான்கரை முற்றத்து ரோசா

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, அதிபர்கள், கட்டடங்கள், பெறுபேறுகள் பற்றி ஏனையோர் எழுதுவார்கள் என எண்ணினோம். ஆகவே நம் வீட்டு முற்றங்களில் நின்ற ரோசாச் செடியின் கதையை எடுத்துக்கொண்டோம். ஆசிரியர் தினத்தன்று ஈரத்துணியில் சுற்றிய ஒரு பூவுடன் வகுப்புக்கு வராதவர் நம்முள் எத்தனை பேர்?

உண்மையில் ரோசாவுக்கு உகந்த மண் நம்முடையதன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவிக்கும் கடலுக்கும் நடுவே எழுவான்கரை ஒரு மணற்றிட்டு. மாரியில் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அதுவே நம் கிணற்று நீர். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்தப் படை மெலிந்து நீர் உவர்க்கும். ரோசா இலையின் ஓரம் கருகும்.

அப்படியிருந்தும் செடி வந்தது. சீனத்து ரோசாவும் டமஸ்க் ரோசாவும் கலந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் இந்து சமுத்திரத்து றியூனியன் தீவில் ஓர் இனம் தோன்றியது. அத்தீவின் அன்றைய பெயரால் அது போர்பன் ரோசா எனப்பட்டது. 1867இல் பிரான்சில் உருவான 'லா பிரான்ஸ்' இன்றைய பெரிய பூ ரோசாக்களுக்கு முன்னோடி. இலங்கையில் 1861இல் சிங்கோனா மரத்துக்காகத் தொடங்கிய ஹக்கல தோட்டம் பின்னர் ரோசாவுக்குப் பெயர் பெற்றது. நம் ஊருக்குக் கல்லடிப் பாலம் 1924இலும் புகையிரதம் 1928இலும் வந்தன. மலைநாட்டுக்குப் போனவர்கள் ஈரச்சாக்கில் கன்று கட்டி வந்ததைப் பெத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மணலை வெல்ல அவர்கள் கண்ட வழி எளியது. இரண்டடிக் குழி வெட்டி, அடியில் பொச்சுமட்டையை நார்ப்புறம் மேலாக அடுக்கி, அதன்மேல் படுவான்கரை வயல்மண்ணும் உக்கிய மாட்டெருவும் இடுவார்கள். மட்டை நீரைப் பிடித்து வைக்கும். காலை வெயிலும் மதியத் தென்னை நிழலும் கிடைக்கும் மூலையே செடிக்கு இடம். மாரி தொடங்கும்போது பென்சில் பருமனான கொப்பைச் சரிவாக வெட்டிப் பால்மா ரின்னில் ஊன்றினால், தைப்பொங்கலுக்குள் துளிர்க்கும். அந்த ரின்கள்தான் வீடு வீடாகப் போயின.

1978 நவம்பர் 23 சூறாவளியில் தென்னைகள் சரிந்தன, நிழலும் போயிற்று. நாம் படித்த யுத்த காலத்தில் யூரியாவுக்குக் கட்டுப்பாடு. எருவும் சாம்பலும் போதுமென்றிருந்தோம்.

பத்தாம் ஆண்டில் நாவலடித் தோழி ஒருத்தி, தன் தாயார் வளர்த்த வாசமுள்ள இளஞ்சிவப்பு ரோசாவின் கொப்புகளை எங்கள் மூவருக்கும் தந்தாள். 2004 டிசம்பர் 26இல் கடல் அவள் வீட்டையும் தாயாரையும் கொண்டுபோனது. கொழும்பில் இருந்ததால் அவள் தப்பினாள். அவளைக் காணப் போனபோது என்ன சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தச் செடியையாவது திருப்பிக் கொடுப்போம் என்று எண்ணினோம்.

எங்களில் இருவர் வீட்டுக் கிணறுகளிலும் கடல்நீர் புகுந்திருந்தது. இறைத்தால் உப்புப் போகும் என நம்பி நாட்கணக்கில் இறைத்தோம். அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் அடியிலிருந்த உப்புநீரே மேலே வந்தது. அந்த நீரையே ஊற்றி இரண்டு செடிகளையும் நாங்களே கொன்றோம். மாரி மழைதான் பின்னர் கிணறுகளைக் கழுவியது. மூன்றாவது செடி படுவான்கரையில், அலை எட்டாத இடத்தில் நின்றது. அதிலிருந்து வெட்டிய ஐந்து கொப்புகளில் இரண்டு வேர்விட்டன. இன்று தோழி ரொறன்ரோவில். செடி திராய்மடுவில் அவள் அக்காவின் முற்றத்தில் பூக்கிறது.

வைத்தியராக இரண்டொரு சொல். சாடியின் கீழ்த்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பு அங்குதான் முட்டையிடும். முள் குத்தினால் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கையுறையும் செருப்புமின்றித் தோட்டத்தில் இறங்க வேண்டாம்.

நூற்றாண்டு விழாவுக்கு வரும் சகோதரிகளே, அங்கிருந்து கன்று கொண்டுவர எண்ணாதீர்கள். 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதற்கு அனுமதி வேண்டும். வெறுங்கையுடன் வாருங்கள். திராய்மடுச் செடியின் கொப்புகளை ரின்களில் ஊன்றி வைக்கிறோம். பாடசாலை முற்றத்தில் ஆளுக்கொன்று நடுவோம். தண்ணீர் ஊற்ற இன்றைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.