செக்ரோலில் பேர் இருந்தது, நிவாரணப் பட்டியலில் இல்லை

 

அஸ்வெசும பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் நமது பதுளை டவுனிலும் ஹாலிஎலையிலும் பசறையிலும் ஒரு வார்த்தை காதில் விழும். "தோட்டத்து ஆட்களுக்கு என்ன குறை? வீடு சும்மா, தண்ணி சும்மா, மருந்து சும்மா. அதுக்கு மேல சம்பளமும் இருக்கு. நிவாரணம் எதுக்கு?"

சம்பள உயர்வு கேட்கும்போது தோட்ட நிர்வாகங்களும் இதே கணக்கைத்தான் காட்டும். "நாட்சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். வீடு கொடுக்கிறோம், பிள்ளை மடுவம் நடத்துகிறோம், சேமலாப நிதி கட்டுகிறோம்."

அதாவது, தோட்டம் எல்லாம் கொடுக்கிறது என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைத்தார்கள். சம்பளம் இருக்கிறது என்று சொல்லி நிவாரணத்தை மறுத்தார்கள். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நமது அயலவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறார்கள். எப்படி இப்படி ஆனது என்ற வரலாற்றை நம் பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால்தான் இந்த நீண்ட பதிவு.

ஊவா மலைகளில் முதலில் இருந்தது கோப்பி. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி அழிந்து அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் வந்து ஹப்புத்தளைப் பக்கம் டம்பேதென்ன போன்ற தோட்டங்களை வாங்கினார். தேயிலையை இறக்க ரயில் வந்தது. 1894இல் பண்டாரவளைக்கும், 1924இல் பதுளைக்கும். இன்று வெளிநாட்டார் படம் பிடிக்கும் ஒன்பது வளைவுப் பாலம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

இந்த மலைகளை வெட்டித் திருத்த திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து ஆட்களைக் கங்காணிமார் கூட்டி வந்தார்கள். வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் முற்பணமாக எழுதப்பட்டது. வேலை தொடங்கும் முன்பே கடன் தொடங்கிவிட்டது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடனைப் புதிய தோட்டம் கட்ட வேண்டும். கடன் தொகை எழுதிய அந்தக் காகிதத்துக்குப் பெயர் துண்டு. ஒரு குடும்பத்தின் விலை அந்தத் துண்டில் இருந்தது. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

1927இல் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதன்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று வைத்தார்கள். ஆம், பிள்ளைக்கும் நாட்சம்பளம் இருந்தது. இந்தச் சம்பளத்தை நிர்ணயித்த விதத்தைக் கவனியுங்கள். தோட்டம் ஒரு குறிப்பிட்ட விலைக்கு அரிசி கொடுக்கும், லயன் காம்பரா கொடுக்கும், மருந்து கொடுக்கும். ஆகவே கையில் இவ்வளவு காசு போதும். அரிசிக் காசு சம்பளத்தில் கழிக்கப்படும். "தோட்டம் எல்லாம் கொடுக்கிறது" என்ற கதை சட்டத்தோடு சேர்ந்து நிலைத்தது அப்போதுதான். 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் தேயிலை விலை விழுந்ததும் அந்தச் சதங்களிலும் கைவைத்தார்கள்.

தொழிலாளர்கள் வாய் மூடி இருந்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயா தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்தத் தீ ஊவாவுக்கும் பரவியது. நமது பதுளைக்குப் பக்கத்தில் வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுத்த ஒரு சபையை அமைத்தார்கள். துரை அந்தச் சபையோடு கலந்துபேசித்தான் தோட்டத்தை நடத்த முடியும் என்ற நிலை வந்தது. அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையே பறித்தார்கள். மே மாதம் பெருமழையும் வெள்ளமும் ஊவாவை மற்ற இடங்களிலிருந்து துண்டித்தன. அந்த நேரத்தில் பொலிஸ் அடக்குமுறையும் சேர்ந்து போராட்டம் ஒடுங்கியது. ஜூனில் என். எம். பெரேரா உள்ளிட்ட சமசமாஜத் தலைவர்கள் சிறை வைக்கப்பட்டார்கள். இது நமது மாவட்டத்தின் வரலாறு. நம் பாடப்புத்தகங்களில் இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பிறகு வந்தது 1948. குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. 1952இல் ஒன்றுகூட இல்லை. நிவாரணம் என்பது பெரும்பாலும் வாக்கு இருக்கும் வாசலுக்குத்தான் முதலில் போகும். வாக்கில்லாதவரின் வாசல் எந்த அரசியல்வாதிக்கும் தெரியாது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, குடும்பங்களையே இரண்டாகப் பிரித்து, இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியது. மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை முழுமையாகத் தீர 2003 வரை ஆனது.

1970களின் நடுப்பகுதியில் நாட்டில் பஞ்சம். கிராமத்தில் கொஞ்சம் வயல், ஒரு பலாமரம், ஒரு மரவள்ளிப் பாத்தி இருந்தவர்கள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். லயனைச் சுற்றி இருந்ததோ தேயிலை. அது தின்னும் பயிர் அல்ல. தோட்டங்களில் பசியால் மக்கள் இறந்தார்கள். சாக்கு உடுத்தி அலைந்த காலம் என்று மூத்தவர்கள் இன்றும் சொல்வது இந்தக் காலத்தைத்தான்.

1979இல் கூப்பன் அரிசியை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தார்கள். மாத வருமானம் 300 ரூபாய்க்குக் குறைந்த குடும்பங்களுக்கு என்று எல்லை வைத்தார்கள். இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். கிராமத்து விவசாயியோ சிறு வியாபாரியோ தன் வருமானத்தைத் தானே எழுதிக் கொடுக்கலாம். தோட்டத் தொழிலாளியின் வருமானம் செக்ரோலில் எழுதியிருக்கும். எத்தனை பேர், எத்தனை அரைப் பேர், எவ்வளவு கழிவு என்று சதக் கணக்கில் இருக்கும். ஒரே வீட்டில் தாய், தகப்பன், மூத்த பிள்ளை என்று மூவர் கொழுந்துக்கும் மலைக்கும் போனால் எல்லையைத் தாண்டிவிடும். தோட்ட மக்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டத்துக்கு வெளியே நின்றார்கள். ஏழ்மையை மறைக்காமல் காட்டும் ஒரே ஏடு அந்தச் செக்ரோல். அதுவே அவர்களுக்கு எதிரான சாட்சியானது.

1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி. இரண்டும் கிராமத்தை மனதில் வைத்துக் கட்டிய திட்டங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவு தோட்டத்தைத் தொட்டாலும் அரச சேவைகள் தோட்ட எல்லையோடு நின்றுவிடும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் பிரதேச சபைப் பணம் செலவழிக்க முடியாது என்றார்கள். அந்தச் சட்டம் திருத்தப்பட்டது 2018இல். அதுவரை ஒரு லயன் பாதைக்குக் கல் போடுவதற்கும் தோட்டத்து அனுமதி தேவை.

சம்பளக் கதையும் இதே வேகம்தான். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. 2016இல் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய், 2019இல் 700. 1,000 ரூபாய் என்ற கோரிக்கை 2015 அளவிலேயே எழுந்தது. சம்பளச் சபை மூலம் அது கைக்கு வந்தது 2021இல். அடுத்த வருடமே நாடு வங்குரோத்தாகி, 2022 செப்டெம்பரில் விலைவாசி ஒரு வருடத்தில் ஏறக்குறைய 70 வீதம் ஏறியது. ஆறு வருடம் போராடி வாங்கிய 1,000 ரூபாயை மாவும் அரிசியும் சில மாதத்தில் விழுங்கிவிட்டன. 2024இல் 1,350. 2026 வரவு செலவுத் திட்டத்தில், கம்பனி கொடுப்பது 1,550, அரசாங்கத்தின் வருகைக் கொடுப்பனவு 200, மொத்தம் 1,750 என்று முன்வைக்கப்பட்டது.

அந்த 1,750ஐயே எடுத்துக்கொள்வோம். மாதம் 20 பேர் விழுந்தால் 35,000. சேமலாப நிதியும் மற்றக் கழிவுகளும் போக மிச்சம் இன்னும் குறைவு. நிறுவையில் கிலோ குறைந்தால் அரைப் பேர். நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு ஒரு ஆளுக்கு மாதம் ஏறக்குறைய 16,000 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு 64,000. ஒருவர் உழைக்கும் வீடு அந்தக் கோட்டில் பாதியைத்தான் தொடுகிறது. இருவர் உழைத்தாலும் கோட்டைத் தாண்டியும் தாண்டாமலும் நிற்கும். 2019ஆம் ஆண்டின் அரச குடித்தொகைக் கணக்குப்படி நாட்டில் வறியவர் 14.3 வீதம், நகரத்தில் 6 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம். இது நெருக்கடிக்கு முந்திய கணக்கு.

"வீடு சும்மா" என்பவர்களுக்கு ஒரு திகதி. 2014 ஒக்டோபர் 29. கொஸ்லந்தை மீரியபெத்தை. மண்சரிவு அபாயம் பற்றி அதற்குப் பல வருடங்கள் முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்களுக்குப் போக வேறு காணி இல்லை. அன்று காலையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. சும்மா கொடுத்த வீட்டின் விலை அது.

இப்போது அஸ்வெசும. 2023இல் தொடங்கியது. வருமானத்தை மட்டும் பார்க்காமல் கல்வி, சுகாதாரம், வீடு, சொத்து, குடும்ப நிலை என்று 22 குறிகாட்டிகளைப் பார்க்கிறது. செக்ரோல் ஒன்றை மட்டும் வைத்து வெளியே தள்ளும் பழைய முறையை விட இது நல்லது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். 2025 முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 வரை கிடைக்கும். ஆனால் படிவத்துக்கு முகவரி வேண்டும். ஒரே லயன் இலக்கத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கும்போது யார் எந்தக் குடும்பம் என்பது குழம்புகிறது. கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, மேன்முறையீட்டுத் திகதி முடிந்த பிறகு கைக்கு வருகிறது. படிவம் நிரப்பத் தெரியாமல் விட்டவர்களும் உண்டு.

இதில் நமது பங்கு என்ன? மூன்று விடயம்.

ஒன்று, நம் ஊர்க் கடைகள் பல தலைமுறையாகத் தோட்டத்துச் சம்பள நாளை நம்பி நடப்பவை. கடன் கொப்பியில் எந்த வீடு எந்த மாதம் தடுமாறுகிறது என்று கடைக்காரருக்குத் தெரியும். "உங்கட அஸ்வெசும கடிதம் வந்ததா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே திகதி தவறாது.

இரண்டு, படித்த நம் பிள்ளைகள். அடுத்த முறை விண்ணப்பமோ மேன்முறையீடோ கோரப்படும்போது, பள்ளிவாசல் நிர்வாகமும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை உதவி மேசை போடலாம். யார் எந்த மதம் என்று பார்க்காமல் எல்லோருக்கும் நிரப்பிக் கொடுக்கலாம். அயலவர் உரிமையைப் பற்றிக் குத்பாவில் கேட்கும் நமக்கு இது புதிய பாடம் அல்ல.

மூன்று, இந்தப் பேச்சை நிறுத்துவோம்: "சம்பளம் இருக்கு, நிவாரணம் எதுக்கு." நிவாரணம் சம்பளத்துக்குப் பதில் அல்ல. உழைத்தவருக்கு உரிய கூலி தோட்டம் கொடுக்க வேண்டியது. விழுந்தவரைத் தாங்குவது அரசாங்கத்தின் கடமை. ஒருவர் கடமையைக் காட்டி மற்றவர் கை கழுவியதால்தான் இந்த வரலாறு இவ்வளவு நீண்டது.

இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை மேசைக்கு வரக்கூடியவர்கள் நமக்குச் சொல்லுங்கள். பேனையும், பிறப்பு அத்தாட்சி, அடையாள அட்டை போட்டோ கொப்பி எடுக்க ஒரு இயந்திரமும் இருந்தால் போதும். மற்றதை நாம் பார்த்துக்கொள்வோம்.