அரைக்கால் கழித்து அரை கூட்டி

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ வீட்டுக்கு வானம் தோண்டும் முன் கொத்தனார் மூலைமட்டம் பார்ப்பார். மூலையில் முளையடித்து, ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் குறித்து, குறிகளுக்கு இடையே சரியாக 5 அடி வரும்வரை நூலை நகர்த்துவார். இந்த வழக்கத்தைப் பேசும்போதெல்லாம் போதையனார் பெயரில் வழங்கும் கணக்குப் பாடலும் கூடவே வரும். நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, மிச்சத்தோடு அகலத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் விதி. நீளம் 4, அகலம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. வர்க்கமூலமே இல்லாமல் பித்தகோரஸ் தேற்றத்தைத் தமிழர் சொல்லிவிட்டார்கள் என்று பலர் பெருமைப்படுகிறார்கள். ஆனால் இது தேற்றமல்ல, கைதேர்ந்த தோராயம். இதன் பெருமையும் அதில்தான் இருக்கிறது.

சோதிக்கப் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு போதும். அகலம் 1, நீளம் ந என்போம். விதி தரும் கர்ணத்தின் வர்க்கம், ந² + 1 என்பதற்குச் சமமாக வேண்டும். சுருக்கினால் 15ந² − 56ந + 48 = 0; அதாவது (3ந − 4)(5ந − 12) = 0. ஆக, நீளமும் அகலமும் 4-க்கு 3 அல்லது 12-க்கு 5 என்ற விகிதத்தில் இருந்தால் மட்டுமே விடை துல்லியம். 15-க்கு 8 என்றால் 17 வரவேண்டிய இடத்தில் பதினேழே அரைக்கால் வருகிறது.

அப்படியானால் விதி வீணா? இல்லை. அந்த இரு விகிதங்களுக்கு நடுவே மிகை ஒரு விழுக்காட்டைத் தொடுவதில்லை. சதுரத்திலும் குறைவு மூன்று விழுக்காட்டுக்குள்தான். 100 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது போன்ற ஒடுங்கிய பட்டையில்தான், கர்ணம் நீளத்தைவிடச் சிறிதாகி 92½ என்று வந்து விதி முறிகிறது. வர்க்கமூலம் காண்பது கடினம். அரை, கால், அரைக்காலோ எண்சுவடி படித்த திண்ணைப் பள்ளிப் பிள்ளையின் நாவிலேயே இருந்தவை. அந்தப் பின்னங்களால் ஆன விதி இது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரம் சுமார் 192 அடி உயர்ந்து நிற்கிறதே, துல்லியமான விதி இல்லாமல் முடியுமா என்று கேட்கலாம். மூலை செங்கோணமாக இருக்க 3, 4, 5 என்ற மூன்று அளவுகளே போதும். எல்லாச் செவ்வகத்துக்கும் கர்ணம் காணும் விதி தேவையில்லை. பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டும் பொது உண்மை இந்திய மரபில் போதாயன சுல்ப சூத்திரத்தில் தெளிவாக இருக்கிறது. பெயர் ஒலிப்பு ஒத்திருப்பதால் மட்டும் அதை இந்தப் பாடல் மேல் ஏற்றக் கூடாது. பாடலுக்கு உரிய பெருமை வேறு. 3-4-5, 5-12-13 என்ற இரு முக்கோணங்களுக்கும் ஒருசேரப் பொருந்தும்படி நீளத்தில் ஒரு பங்கையும் அகலத்தில் ஒரு பங்கையும் கூட்டவேண்டுமானால், எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும் தவிர வேறு பின்னங்களே கிடையாது. இந்த விதியைக் கட்டியவர் அந்த இரண்டையும் அறிந்தே கட்டியிருக்க வேண்டும். இல்லாத தேற்றத்தைச் சூட்டுவதைவிட, இருக்கும் இந்தக் கூர்மையைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.